ஐந்து பாலங்களின் ஓட்டம்: நியூயார்க் மாரத்தான் பற்றிப் பாம்பன் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் விடியற்காலையில் ஓடுகிற பிள்ளைகளுக்குச் சில வருடங்களாகப் பயிற்சி கொடுத்துவருகிறேன். மீனவர் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம், மல்லிகை நாற்றுப் போடுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. போன நவம்பரில் ஒரு பெண்பிள்ளை செல்போனில் ஒரு வீடியோவைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரிய தொங்குபாலம். அதன்மேல் தார் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. "சார், இதுவும் நம்ம பாலம் மாதிரிதானே? கீழே கடல்தானே ஓடுது?" என்று கேட்டாள். அன்றைக்குத் தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. பெற்றோரும் படிக்கட்டும்.

அது எந்தப் பாலம்? பாலத்தின் மேலேயா ஓட்டத்தை ஆரம்பிப்பார்கள்?

ஆமாம், பாலத்தின் வாயிலில்தான். அதன் பெயர் வெரசானோ பாலம். நியூயார்க் துறைமுகத்தின் வாய்க்கு மேலே, ஸ்டேட்டன் ஐலண்ட் என்ற தீவையும் புரூக்ளினையும் இணைக்கிறது. இரண்டு கோபுரங்களுக்கு நடுவே தொங்குகிற பகுதி மட்டும் 1,298 மீட்டர். 1964 நவம்பரில் திறந்தபோது உலகத்திலேயே நீளமான தொங்குபாலம் அதுதான்.

1964 என்றதும் நம் ஊரில் எல்லோருக்கும் வேறொன்று ஞாபகம் வரும். அந்தப் பாலம் திறந்து ஒரு மாதத்தில், டிசம்பர் 22 ராத்திரி, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது. ரயிலும் போனது, பாம்பன் ரயில் பாலமும் உடைந்தது. அங்கே பாலம் வந்த வருடம்தான் இங்கே பாலம் போன வருடம். இந்தத் தேதிகளைச் சேர்த்துப் பார்த்த நாளிலிருந்து அந்த ஓட்டம் எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை.

அங்கே ஓட்டத்தின் முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் முழுக்க ஏற்றம். மொத்தப் பாதையிலும் உயரமான இடம் பாலத்தின் நடுப்பகுதிதான். நம் சாலைப் பாலத்தில் ஓடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1988-இல் திறந்த, இரண்டேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாலம். படகு கீழே போகவேண்டும் என்று நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். மண்டபம் பக்கமிருந்து ஏறும்போது தொடை முதலில் சொல்லும், அப்புறம்தான் கண்ணுக்கு ஏற்றம் தெரியும். உச்சிக்கு வந்ததும் காற்று பக்கவாட்டில் இடுப்பில் இடிக்கும். பனியன் ஒரு பக்கம் உடம்போடு ஒட்டிக்கொண்டு மறுபக்கம் படபடவென்று அடிக்கும். ஒரு பேருந்து கடந்தால் உள்ளங்காலில் அதிர்வு ஏறும். அங்கே ஆயிரக்கணக்கான கால்கள் ஒரே நேரத்தில் படும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இது எப்போது ஆரம்பித்தது? முதலிலிருந்தே இவ்வளவு கூட்டமா?

இல்லை. முதல் ஓட்டம் 1970 செப்டம்பர் 13. பாலமும் கிடையாது, கடலும் கிடையாது. ஊருக்கு நடுவே இருக்கிற சென்ட்ரல் பார்க் என்ற பெரிய பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஓட வந்தவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். நுழைவுக் கட்டணம் 1 டாலர். செலவுக்கு மொத்தம் 1,000 டாலர். பார்க்க வந்தவர்கள் சுமார் நூறு பேர். ஜெயித்தவர்களுக்கு விலை குறைந்த கைக்கடிகாரமும், ஏற்கெனவே வேறு விளையாட்டுக்குக் கொடுத்த பழைய கோப்பைகளும் பரிசு.

முதலில் வந்தவர் கேரி முர்க்கி, தீயணைப்பு வீரர். முந்தின ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு நேரே வந்து, செப்டம்பர் வெயிலில் 2 மணி 31 நிமிடம் 38 விநாடியில் முடித்தார். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டுக் காலையில் என்னோடு ஓட வருகிற பையன்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கேரியின் கதையை அவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். தூங்காமல் ஓடுங்கள் என்பதற்காக அல்ல. வேலைக்குப் போகிறவன் ஓட்டக்காரனாக இருக்க முடியாது என்று யாராவது சொன்னால், பதில் சொல்ல ஒரு பெயர் வேண்டும்.

பூங்காவுக்குள் சுற்றிய ஓட்டம் ஊருக்குள் எப்படி வந்தது?

இதுதான் முக்கியமான கேள்வி.

1976-இல் அமெரிக்கா சுதந்திரம் பெற்று 200 வருடம் ஆனது. அதைக் கொண்டாட, நியூயார்க்கின் ஐந்து பகுதிகள் வழியாகவும் ஒரு மாரத்தான் நடத்தினால் என்ன என்று ஜார்ஜ் ஸ்பிட்ஸ் யோசனை சொன்னார். நகராட்சிக் கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்தவர், அவரும் ஓட்டக்காரர். அந்தப் பகுதிகள் ஸ்டேட்டன் ஐலண்ட், புரூக்ளின், குயின்ஸ், பிராங்க்ஸ், மன்ஹாட்டன். ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர் மாதிரி. மொழி வேறு, சாப்பாடு வேறு, கோயில் வேறு.

பூங்கா ஓட்டத்தை நடத்திக்கொண்டிருந்த பிரெட் லெபோ முதலில் தயங்கினார். தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஒரு பூங்காவை அரைநாள் மூடுவது வேறு, ஒரு மாநகரத்தின் சாலைகளையும் பாலங்களையும் மூடுவது வேறு. அதோடு அப்போது நியூயார்க் நகராட்சியிடம் காசே இல்லை. 1975-இல் திவாலாகும் நிலைக்குப் போய் மயிரிழையில் தப்பிய ஊர் அது. மன்ஹாட்டன் பகுதியின் தலைவராக இருந்த பெர்சி சட்டன் பக்கத்தில் நின்றார். ரூடின் சகோதரர்கள் என்ற கட்டட உரிமையாளர்கள் பணம் கொடுத்தார்கள். அவர்களுடைய அப்பா சாமுவேல் ரூடினும் ஒரு காலத்தில் ஓட்டக்காரர். இன்றும் கோப்பை அவர் பெயரில்தான்.

அந்த ஒரு வருடம் மட்டும் நடத்திவிட்டு மறுபடி பூங்காவுக்கே போய்விடலாம் என்பதுதான் ஏற்பாடு. 1976 அக்டோபர் 24 அன்று 2,000 பேருக்கு மேல் ஓடினார்கள். பில் ராட்ஜர்ஸ் 2 மணி 10 நிமிடம் 10 விநாடியில் ஜெயித்தார். பெண்களில் முதல் இடம் மிகி கோர்மன்.

அதற்கப்புறம் பூங்காவுக்குத் திரும்பவே இல்லை. காரணம் ஜெயித்தவர்கள் அல்ல, தெருவில் நின்றவர்கள் என்றுதான் நான் சொல்வேன். பூங்காவில் ஓடியபோது ஓட்டத்தைப் பார்க்க ஜனங்கள் போகவேண்டியிருந்தது. 1976-இல் ஓட்டம் ஜனங்களின் வாசலுக்கு வந்தது. புரூக்ளினில் ஒரு பாட்டி காபித் தண்ணியோடு படியில் உட்கார்ந்தபடியே உலகத்தின் பெரிய ஓட்டக்காரனைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். நம் ஊர்த் தேர் ஏன் நாலு வீதியும் சுற்றுகிறது? கோயிலுக்குள்ளேயே சாமியைத் தூக்கிச் சுற்றினால் போதாதா? போதாது. வீதிக்கு வந்தால்தான் நம்முடையது.

பாதை எப்படிப் போகும்?

ஸ்டேட்டன் ஐலண்டில் தொடங்கி வெரசானோ பாலம் ஏறி இறங்கினால் புரூக்ளின். நீளமான நேர்த்தெருக்கள். பாதித் தூரத்தில் புலாஸ்கி பாலம், அதைத் தாண்டினால் குயின்ஸ். சுமார் 25-ஆவது கிலோமீட்டரில் குயின்ஸ்பரோ பாலம். அதில் வேடிக்கை பார்க்க ஆளில்லை. மூச்சுச் சத்தமும் செருப்புச் சத்தமும்தான் கேட்கும் என்று ஓடியவர்கள் சொல்வார்கள். இறங்கினால் மன்ஹாட்டனின் முதல் அவென்யூவில் சுவர் மாதிரிக் கூட்டம். வில்லிஸ் அவென்யூ பாலம் வழியாகப் பிராங்க்ஸ், மேடிசன் அவென்யூ பாலம் வழியாகத் திரும்ப மன்ஹாட்டன். முடிவது 1970-இல் தொடங்கிய அதே சென்ட்ரல் பார்க்கில். ஆக ஐந்து பகுதி, ஐந்து பாலம்.

42.195 கிலோமீட்டர் என்று ஏன் இப்படி ஒரு கணக்கு?

1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921-இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். நம் கணக்குக்குச் சொன்னால், ராமநாதபுரத்தில் புறப்பட்டு உச்சிப்புளி, மண்டபம் தாண்டி ஏறக்குறையப் பாம்பன் பாலத்தை நெருங்குகிற தூரம்.

இதில் ஒரு கதை உண்டு. 1981-இல் ஆல்பர்டோ சலசார் நியூயார்க்கில் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடினார். உலக சாதனை என்று எல்லோரும் கொண்டாடினார்கள். பின்னால் அளந்து பார்த்தால் பாதை சுமார் 150 மீட்டர் குறைவு. சாதனை அடிபட்டுப்போனது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வளைவுகளில் உள்ளோரமாக ஒட்டி அளக்காவிட்டால் இப்படி ஆகிவிடும். சைக்கிள் சக்கரத்தில் ரிப்பன் கட்டி, சுற்றை எண்ணி நாம் பள்ளி மைதானத்தை அளந்தது ஞாபகம் இருக்கிறதா? சாலை அளவையே ஒரு கலையாக அமெரிக்காவில் வளர்த்தவர் டெட் கார்பிட். 1952 ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய கறுப்பின வீரர், 1958-இல் தொடங்கிய நியூயார்க் ஓட்டக்காரர் சங்கத்தின் முதல் தலைவர். அவரும் சைக்கிளை வைத்துத்தான் அளந்தார்.

பெண்கள் முதலிலிருந்தே ஓடினார்களா?

1970-இல் ஒரே ஒரு பெண் பதிந்திருந்தார், நீனா குசிக். உடம்பு சரியில்லாமல் நடுவில் விலகிவிட்டார். அடுத்த வருடம் பெத் பானர் முதலிடம், நீனா இரண்டாமிடம். இரண்டு பேருமே 3 மணி நேரத்துக்குள் முடித்தார்கள்.

ஆனாலும் 1972-இல், விளையாட்டை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கச் சங்கம் ஒரு விதி போட்டது. பெண்கள் ஆண்களோடு சேர்ந்து புறப்படக் கூடாது, 10 நிமிடம் முன்னாலேயே தனியாகப் புறப்படவேண்டும் என்று. அன்றைக்குப் பெண்களுக்கான துப்பாக்கி வெடித்தது. ஆறு பெண்களும் ஓடவில்லை. கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள், கையில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு. 10 நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்ததும் எழுந்து அவர்களோடு சேர்ந்து ஓடினார்கள். தண்டனையாக அவர்கள் நேரத்தில் 10 நிமிடம் கூட்டி எழுதினார்கள். கொஞ்ச காலத்தில் அந்த விதியே போய்விட்டது. அன்றைக்கு ஜெயித்தது நீனா. உட்கார்ந்தவர்களில் ஒருவர் ஜேன் முர்க்கி, முதல் வருடம் ஜெயித்த கேரியின் மனைவி.

அப்புறம் 1978. நார்வே நாட்டிலிருந்து கிரேட்டா வைட்ஸ் வந்தார். ஆஸ்லோவில் பள்ளி ஆசிரியை. மாரத்தான் தூரத்தில் பாதியைக்கூட அதுவரை பந்தயமாக ஓடாதவர். முன்னால் வேகமாக ஓடி மற்றவர்களை இழுத்துக்கொண்டு போவார் என்றுதான் லெபோ அவரை அழைத்தார். கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் கால் தசையெல்லாம் இழுத்துப் பிடித்தது. மைல் கணக்கும் பிடிபடவில்லை, அவருக்குத் தெரிந்தது கிலோமீட்டர். 2 மணி 32 நிமிடம் 30 விநாடியில் முடித்தார். உலக சாதனை. முடித்த கையோடு காலணியைக் கழற்றி, வரச்சொன்ன கணவர் பக்கம் வீசி, இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றார். ஆனால் வந்தார். 1988 வரைக்கும் மொத்தம் ஒன்பது முறை நியூயார்க்கில் ஜெயித்தார்.

பெண்பிள்ளைகளை எட்டாவது படிக்கும்போதே ஓட்டத்திலிருந்து நிறுத்துகிற அம்மாக்கள் அப்பாக்கள் இந்தப் பகுதியை மட்டும் இன்னொரு முறை படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த லெபோ யார்? அவர் பெரிய ஓட்டக்காரரா?

இல்லை, மெதுவாக ஓடுகிறவர். ருமேனியாவில் அராட் என்ற ஊரில் 1932-இல் பிறந்த யூதர். போர்க்காலத்தில் தப்பிப் பிழைத்து, நாடு நாடாக அலைந்து நியூயார்க் வந்து, துணி வியாபாரத்தில் இருந்தார். முதல் வருடப் போட்டியை நடத்தியவரும் அவரே, அதில் ஓடியவரும் அவரே. அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் இந்த ஓட்டம்தான் அவர் பிழைப்பு, குடும்பம் எல்லாம்.

தன்னுடைய ஓட்டம் ஐந்து பகுதிகளுக்கும் போனபின் அவர் அதில் ஓடியதே இல்லை, நடத்துகிற வேலையே சரியாக இருந்தது. 1990-இல் மூளையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். 1992 நவம்பர் 1, அறுபது வயதில், முதல்முறையாக அந்தப் பாதையில் ஓடினார். பக்கத்தில் துணையாக கிரேட்டா வைட்ஸ். ஒன்பது முறை முதலாவதாக வந்தவர், அன்றைக்கு அவருடைய வேகத்துக்குத் தன் காலைக் குறைத்துக்கொண்டு 5 மணி 32 நிமிடம் கூடவே வந்தார். முடிவுக் கோட்டில் இரண்டு பேரும் அழுதார்கள். 1994 அக்டோபரில் லெபோ காலமானார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிற அவருடைய சிலை சென்ட்ரல் பார்க்கில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஓட்டத்தன்று அதை முடிவுக் கோட்டுக்கு அருகே கொண்டுவந்து வைப்பார்கள்.

வழி தவறிப்போனவர் ஜெயித்தாராமே, நிஜமா?

நிஜம். 1994, லெபோ இறந்த அடுத்த மாதம். மெக்சிகோவின் ஹெர்மான் சில்வா கடைசி மைலில் தப்பான பக்கம் திரும்பிவிட்டார். தப்பு தெரிந்து திரும்பி ஓடிவந்து, முந்திப்போயிருந்த தன் நாட்டுக்காரர் பெஞ்சமின் பரேடசைப் பிடித்து, 2 விநாடியில் ஜெயித்தார்.

எந்த வருடமாவது நின்றுபோனதா?

இரண்டு முறை. 2020-இல் கொரோனாவால். அதற்கு முன் 2012-இல் புயலால். (2001-இல் இரட்டைக் கோபுரம் விழுந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அப்போதும் ஓடினார்கள்.)

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் அந்தக் கரையைத் தாக்கியது. நவம்பர் 4 ஓட்டம். ஓட்டம் தொடங்குகிற ஸ்டேட்டன் ஐலண்டில்தான் அடி பலம். இருபதுக்கும் மேற்பட்டோர் அந்தத் தீவில் மட்டும் இறந்தார்கள். வீடுகளில் மின்சாரம் இல்லை. பூங்காவிலோ ஓட்டத்துக்கு ஜெனரேட்டர் நின்றது. முதலில் நடத்தியே தீருவோம் என்ற நகர நிர்வாகம், ஜனங்கள் கொதித்த பிறகு, இரண்டு நாள் இருக்கும்போது ரத்து செய்தது. செய்யவேண்டியதுதான். இன்னும் மூன்று நாள் முன்னாலேயே செய்திருக்கவேண்டும். பிணம் தேடிக்கொண்டிருக்கிற கரையில் யாரும் பந்தயம் விடமாட்டார்கள். இது நம் கரையில் எந்தக் கிழவரைக் கேட்டாலும் சொல்வார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மறக்கக் கூடாது. ஓட வந்திருந்தவர்களில் நூற்றுக்கணக்கானோர், ஓட்ட உடையிலேயே, முதுகுப் பையில் போர்வையும் மருந்தும் டார்ச் பேட்டரியும் நிரப்பிக்கொண்டு படகேறி ஸ்டேட்டன் ஐலண்டுக்குப் போய், வீடு வீடாக ஓடிக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

கடைசியில் வருகிறவர்களை என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்டவன் யார் என்று எனக்குத் தெரியும், ஏன் கேட்டான் என்றும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வெளியூரில் ஒரு ஓட்டத்துக்குப் போயிருந்தோம். எங்கள் பையனுக்குக் கால் பிடித்துக்கொண்டது. நடந்தே வந்தான். வழியில் தண்ணீர் மேசைகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிவிடத்தில் பதக்கம் தீர்ந்துவிட்டது என்றார்கள். காசு கட்டி, நம்பர் குத்தி, முழுத் தூரமும் முடித்த பிள்ளை வெறுங்கையோடு பேருந்தேறினான். அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. இப்போது சொல்கிறேன்.

நியூயார்க்கில் ஜோயி கோப்லோவிட்ஸ் என்று ஒரு பெண்மணி. நரம்பு மண்டலத்தைத் தாக்குகிற நோய், இரண்டு கையிலும் ஊன்றுகோல். 1988 முதல் இருபது முறைக்கு மேல் இந்த ஓட்டத்தை முடித்தார், பெரும்பாலும் கடைசி ஆளாக. சில வருடம் 24 மணி நேரத்துக்கும் மேலானது. ராத்திரி முழுக்க நடந்து மறுநாள் வந்து சேர்வார். கோட்டில் அவருக்காக ஆள் நின்றார்கள், பதக்கம் போட்டார்கள். 1976-இல் செயற்கைக் காலோடு முடித்த டிக் டிராம், பின்னால் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே அக்கிலிஸ் என்ற ஓட்டச் சங்கத்தைத் தொடங்கினார். 2019-இல் முடித்தவர்கள் 53,640 பேர். அந்த எண்ணில் முதல் ஆளும் ஒன்று, கடைசி ஆளும் ஒன்று.

வெறுங்காலோடு ஓடலாமா?

மணலில் ஓடுங்கள், பழகிய கால்தானே. தாரில் வேண்டாம், கண்ணாடிச் சில்லும் மீன்முள்ளும் கிடக்கும். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கை வெறுங்காலில் ஜெயித்தது உண்மைதான். நம் நாட்டு சிவ்நாத் சிங்கும் வெறுங்காலில் ஓடி வளர்ந்தவர்தான். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தைப் பல பத்தாண்டுகள் எந்த இந்தியரும் தொடவில்லை.

நாங்கள் அங்கே போய் ஓட முடியுமா?

18 வயது ஆகவேண்டும். நவம்பர் முதல் ஞாயிறு நடக்கும். விண்ணப்பித்தவர்களில் குலுக்கல் முறையில் ஒரு பங்கு பேரை எடுப்பார்கள். நிர்ணயித்த நேரத்துக்குள் வேறு ஓட்டம் முடித்தவர்களுக்கும், தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டுகிறவர்களுக்கும் தனி இடம் உண்டு. விமானச் செலவும் விசாவும்தான் நமக்குப் பெரிய மலை. ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் பெயரை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் நம் பாலத்தில் ஓடலாமா சார்?

தனியாகப் போகாதீர்கள். பாலத்தில் வேடிக்கை பார்க்க வண்டிகளை நிறுத்துகிறார்கள், லாரி ஒதுங்க இடமில்லை. காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, பெரியவர்களோடு, வண்டி குறைவான நேரத்தில் மட்டும். வாடைக்காற்று பலமாக இருக்கிற நாட்களில் அதுவும் வேண்டாம். நீண்ட தூரத்துக்கு முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை போகிற சாலைதான் நல்லது. 2017-இல் திறந்தது, சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர். ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல், நிழல் என்று ஒரு மரம் கிடையாது. ஏழு மணிக்குள் முடித்துவிடவேண்டும்.

வருகிற ஞாயிறு அங்கேதான். நாலே முக்காலுக்கு வேன் புறப்படும். இரண்டு குடம் தண்ணீரும், எலுமிச்சையும் உப்பும் போட்ட ஒரு தூக்குவாளியும் நான் கொண்டுவருகிறேன். தூக்குவாளி கடைசி ஆள் வரும்வரை முனையிலேயே இருக்கும்.